நகல் கோபம்

காலையில் பல் துலக்கும் முன் துணையின் குணத்தைச் சுவர்த் திரையில் திறந்து சரிசெய்வது வியாழனின் நிலவான காலிஸ்டோவின் குடியிருப்பில் எல்லா வீட்டிலும் நடப்பதுதான். இசைவாணியும் கணவன் மருதவேலின் கோபத்தைத் திறந்தாள். சூடு, நீளம், சொல்லின் காரம் என்று மூன்று அளவுகள். காரத்தை ஒன்பதிலிருந்து இரண்டுக்கு இறக்கினாள். சுவரும் பணிவாக இரண்டு என்று காட்டியது.

மருதவேல் குளித்துவிட்டு வந்தான். பாசித் துவையலைத் தொட்டு நாக்கில் வைத்தான்.

"இதுக்குக் கழிவுக் குழாயையே நக்கலாம்."

அவள் கொடுத்த பதிலில், வீட்டுச் சத்தத்தை அளக்கும் இரைச்சல்மானி சிவந்தது. இன்னொரு முறை சிவந்தால் சண்டைக்காரத் தம்பதி என்று இந்த அறையைப் பறித்துவிடுவார்கள்; அவன் ஆண்கள் கூடத்துக்கு, அவள் பெண்கள் கூடத்துக்கு. வியாழன் முழுசாகத் தெரியும் ஜன்னல் இங்கேதான் இருந்தது. அந்த ஜன்னலுக்காகத்தான் இவனைக் கட்டிக்கொண்டாள் என்று ஊரில் பேச்சு.

குணப்பொறிகளைப் பழுதுபார்க்கும் சலோமியிடம் போய், சுவர் பழுது என்று சண்டை பிடித்தாள்.

"செவுரு நல்லாத்தான் இருக்கு," என்றாள் சலோமி. "அது உனக்குக் காட்டுறது அவரு கோவத்தோட நகல். பத்திரத்த ஜெராக்ஸ் எடுத்து அதுல பேர மாத்துனா நெலம் உன்னுதாயிருமா?"

திருத்திய நகலைத் திரும்ப அவனுக்குள் வைத்தால்தான் அவன் மாறுவான். அதற்கு அவனே சம்மதித்து குண நாற்காலியில் உட்கார வேண்டும்.

அவள் இதைச் சொல்லி உட்காரக் கேட்டதும் மருதவேல் சிரித்தான். அவனும் கல்யாணமான நாளிலிருந்து அவள் நாக்கின் காரத்தைத் தினமும் சுவரில் இறக்கிக்கொண்டிருந்தானாம்.

"மொதல்ல நீ உக்காரு."

"நான் எதுக்கு? நான் சரியாத்தான் இருக்கேன்."

நாற்காலி காலியாகவே கிடந்தது. கடைசியில், அறையைக் காப்பாற்ற ஒரே ஒரு விஷயத்தில் இருவரும் ஒத்துப்போனார்கள். திருத்திய நகல்களைத் தங்கள் சாயலில் செய்த இரண்டு எந்திரப் பாவைகளுக்குள் வைக்கும்படி சலோமியிடம் சொன்னார்கள். பிறகு, தாங்கள் அங்கே இருந்தால் மானி சிவக்காமல் இருக்காது என்று பயந்து, தாங்களாகவே தனித்தனிக் கூடங்களுக்குப் போனார்கள்.

இப்போது பாவைகள் இரண்டும் ஜன்னலோரம் உட்கார்ந்து வியாழனைப் பார்க்கின்றன. மானி பச்சையிலேயே நிற்கிறது.

பெண்கள் கூடத்துச் சாப்பாட்டு வரிசையில் ஒருத்தி, வீட்டில் கணவர் எப்படி என்று இசைவாணியிடம் விசாரித்தாள்.

"எங்க வீட்டுக்காரரா? இப்பல்லாம் ஒரு அதட்டல் கெடையாது. தங்கமான மனுஷன்," என்றாள் அவள், உண்மையான பெருமையோடு.