காலிக் கொட்டகை

'பட்டுக்கூடுகள் அங்காடிக்கு அனுப்பப்பட்டபின் வளர்ப்புக் கொட்டகை கழுவிச் சுத்தம் செய்யப்பட்டு, தற்போது காலியாக உள்ளது' என்று ஆக்சிலியா மடிக்கணினியில் அடித்து முற்றுப்புள்ளி வைத்தபோது, சுவருக்கு அந்தப் பக்கம் இருந்த அதே காலிக் கொட்டகையில் இலை தின்னும் சத்தம் கேட்டது.

அவளுக்குப் பழகிப்போன சத்தம்தான். ஒரு மாதமாக அதைக் கேட்டபடிதான் தூங்கி எழுந்திருக்கிறாள். ஆயிரக்கணக்கான புழுக்கள் ஒரே நேரத்தில் மல்பெரி இலையைத் தின்னும்போது கூரைமேல் தூறல் விழுவது போலிருக்கும். இது தூறல் இல்லை. ஒரே ஒரு வாய். நிதானமாக, பெரிய பெரிய கடியாக.

எலியாக இருக்கும் என்று தன்னைத்தானே சமாதானம் செய்துகொண்டு அறிக்கையைத் தொடர்ந்தாள். விவசாயக் கல்லூரியின் கடைசி ஆண்டில் இரண்டிரண்டு பேராகக் கிராமத்தில் தங்கிப் பயிற்சி எடுக்க வேண்டும். இவளுக்கும் சுகுணாவுக்கும் நல்லம்பள்ளி பக்கம் மாதேஸ்வரனின் பட்டுப்புழுக் கொட்டகை கிடைத்தது. அறிக்கையில் இருவரும் கையெழுத்துப் போட வேண்டும். ஆனால் சுகுணா போன வாரமே கிளம்பிவிட்டாள்.

"ஏதோ அவசரம்னு வூட்டுக்குப் போயிட்டா கண்ணு. நீ தூங்கிட்டிருந்த, எழுப்ப வேணாம்னுட்டா" என்றாள் மாதேஸ்வரனின் மனைவி கலைமதி. சுகுணாவின் பையும் இல்லை. எத்தனை முறை கூப்பிட்டும் சுகுணா போனை எடுக்கவில்லை. மூன்று வருடம் ஒரே அறையில் இருந்தவள் ஒரு வார்த்தை சொல்லாமல் போனதில் ஆக்சிலியாவுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. அந்தக் கோபத்தில் அவளைத் தேடாமலும் இருந்துவிட்டாள்.

கலைமதி நல்லவள்தான். இப்போது யோசித்தால் அந்த நல்லதனமே பிடிக்கவில்லை. கேட்காமலே இன்னொரு கரண்டி போடுவாள், சாப்பிட்டு முடிக்கும்வரை எதிரே உட்கார்ந்து வாயையே பார்த்துக்கொண்டிருப்பாள். பிள்ளை இல்லாதவள், புழுக்களைக்கூடப் 'புள்ளைங்க' என்றுதான் சொல்வாள், பாசம் அதிகம் என்றெல்லாம் ஆக்சிலியாவே காரணம் கற்பித்துக்கொண்டாள். ஆனால் இன்று காலை கலைமதி ஒரு கட்டு மல்பெரியை அறுத்துத் தலையில் வைத்துக்கொண்டு வந்தாள்.

"புழுவே இல்லையேக்கா, இலை எதுக்குங்க?"

"ஆட்டுக்குக் கண்ணு."

அந்த வீட்டில் ஆடு இல்லை.

சத்தம் மறுபடி கேட்டது. ஆக்சிலியா ஹாஸ்டல் தோழி ஒருத்தியிடம் எண் வாங்கி, பாப்பாரப்பட்டியில் இருக்கும் சுகுணாவின் அம்மாவைக் கூப்பிட்டாள். கையெழுத்துப் போட மகளை அனுப்பச் சொன்னாள்.

"என்ன பாப்பா, வெளையாடறியா? அவ உங்கூடத்தான இருக்கா? நேத்துகூட மெசேஜ் போட்டாளே, ரிப்போர்ட் எழுதிட்டிருக்கோம்னு."

பதில் சொல்ல வாயெடுத்தவள் நிமிர்ந்தாள். நிலைப்படியில் கலைமதி நின்றுகொண்டிருந்தாள். எப்போது வந்தாள்?

"யாருகிட்ட கண்ணு பேசற?"

"காலேஜ்லேருந்துங்கக்கா." போனை அணைத்தாள்.

கலைமதி சிரித்துவிட்டு மாட்டைப் பிடித்துக் கட்டப் போனாள். வெயில் இறங்கிக்கொண்டிருந்தது. இப்போது ஓடினால் கடைசிப் பேருந்தைப் பிடித்துவிடலாம். ஆனால் சுகுணா? அவளை விட்டுவிட்டு எப்படிப் போவது? ஆக்சிலியா கொட்டகைப் பக்கம் நடந்தாள்.

வாசலில் பிளீச்சிங் தண்ணீர்த் தட்டு இருந்தது. அதில் கால் நனைக்காமல், குழாயில் கை கழுவாமல் யாரும் உள்ளே போகக்கூடாது, நோய் புகுந்தால் அத்தனை புழுவும் செத்துப்போகும் என்பது முதல் நாளே சொல்லிக்கொடுத்த சட்டம். ஒரு மாதப் பழக்கம். பூனை போல வந்தவள், நினைப்பதற்குள் தட்டில் காலை வைத்துவிட்டாள். சளக். கை தானாகக் குழாயைத் திறந்தது.

உள்ளே சத்தம் நின்றது.

என்ன மடத்தனம் இது! ஈரக் கையோடு அப்படியே நின்றாள். ஒன்றும் அசையவில்லை. கதவைத் தள்ளினாள்.

சுண்ணாம்பு வாடை. பச்சை இலை வாடை. அதற்கும் அடியில் இன்னொன்று, இனிப்பாக.

வரிசையாகத் தட்டுகள். காலி. காலி. காலி.

கடைசி அடுக்கு. மேல்தட்டு.

குப்புறப் படுத்திருந்தது. வெளுப்பு. முடி இல்லை. தலையை மட்டும் தூக்கி வாசலைப் பார்த்தது.

காதில் சுகுணாவின் நீலக்கல் தோடு.

"சுகு..."

அந்தக் கண்களுக்கு அவளைத் தெரியவில்லை. தலை குனிந்தது. இலையின் ஓரத்தைப் பற்றி, மேலிருந்து கீழே, ஒரே சீராக. மறுபடி மேலிருந்து கீழே.

"கை கழுவிட்டுத்தான வந்த?"

கலைமதி. பின்னால். தலையில் இலைக்கட்டு.

"கழுவியிருப்ப. நல்ல புள்ள நீ."

அவள் அவசரப்படவில்லை. கதவைச் சாத்தவும் இல்லை. ஆக்சிலியாவைத் தாண்டிப் போய், கீழ்த்தட்டில் காகிதம் விரித்தாள். அப்போதுதான் அறுத்த தண்டுகளை ஒவ்வொன்றாகப் பரப்பினாள். பால் கசியும் பச்சை வாடை எழுந்து வந்தது.

ஓடு. கதவு திறந்திருக்கிறது. ஓடு.

கால் நகரவில்லை. இரண்டு நாளாக ஒரு பருக்கை சோறு இறங்காத தொண்டை. வாயில் எச்சில் ஊறியது. வழிந்தது. புறங்கையால் துடைத்தாள்.

கையை எடுத்தாள். உதட்டிலிருந்து விரல்வரை மெல்லிய வெள்ளை நூல். கையை எவ்வளவு நீட்டினாலும் அறாமல் வந்துகொண்டே இருந்தது.