மெலிந்த முகமும் வீங்கிய முகமும்

அன்று அந்தக் கூடத்தில் இருந்தவர்கள் ஆறு பேர். இறந்துபோன பெரியவரின் தம்பி, பெரியவரின் மகள், அவளுக்கு இளையவனான மகன், மகனின் மனைவி, துப்பறிவாளர், துப்பறிவாளருடைய மனைவியின் தம்பி. வேறு யாரும் இல்லை. தாங்களும் இருந்ததாகப் பிற்பாடு சொல்லிக்கொண்டு திரிந்தவர்கள் வாசற்படியைக்கூட மிதிக்கவில்லை.

துப்பறிவாளரை வரவழைத்தவர் பெரியவரின் தம்பி. அதற்கு முதல் நாள் காலையில் துப்பறிவாளரின் அலுவலகத்துக்குப் போய், நாற்காலியில் முதுகு சாயாமல் உட்கார்ந்து விஷயத்தைச் சொன்னார்.

“எங்க வீட்டு மருமக என் அண்ணனைப் பட்டினி போட்டு, கண்ட மருந்தையும் குடுத்துக் கொன்னுட்டான்னு சொந்தக்காரங்க பேசுறாங்க. உண்மைன்னா நானே அவளை வெளிய அனுப்பிடுவேன். பொய்னா, பேசினவங்க வாயை மூடணும். எதுன்னு எனக்குத் தெரிஞ்சாகணும்.”

“ஆதாரம்னு எதைக் காட்டுறாங்க?”

அவர் இரண்டு படங்களை மேசைமேல் வைத்தார். வெளியூரில் இருக்கும் மகள், தகப்பனார் சாவதற்குச் சில நாள் முன்பு வந்து, அவருடைய பழைய வீடியோ கேமராவிலேயே அவரைப் படம் பிடித்திருந்தாள். சாவுக்குப் பிறகு அந்த டேப்பைக் கணினியில் ஏற்றி, இரண்டு காட்சிகளைத் தனிப் படமாகச் சேமித்து, முகத்தைச் சுற்றி மட்டும் வெட்டி அச்சிட்டு உறவினர்களுக்கு அனுப்பிவிட்டாள்.

ஒன்றில் பெரியவர் உட்கார்ந்திருந்தார். கன்னம் ஒட்டி, கழுத்து குச்சியாகியிருந்தது. மற்றதில் கட்டிலில் மல்லாந்து படுத்திருந்தார். பக்கவாட்டில் தெரிந்த முகம் உப்பிக் குறுகிக் கிடந்தது. இரண்டிலும் பின்னால் முட்டை வடிவத்தில் ஒரு மேசை விசிறி.

மச்சினன் எட்டிப் பார்த்தான். “அத்தான், இதுல சந்தேகமே வேண்டாம். ஒண்ணுல பட்டினி, இன்னொண்ணுல விஷம்!”

“கொஞ்சம் பொறு, மாப்ள.” துப்பறிவாளர் வந்தவரிடம் திரும்பினார். “ரெண்டும் எந்தெந்த நாள் எடுத்தது?”

“ஒரே மதியம். உட்கார்ந்து பேசினார். களைப்பா இருக்குன்னு படுத்தார்.”

“அதுக்குள்ளயா வீங்கிட்டார்?”

வந்தவர் இரண்டு படங்களையும் மறுபடி எடுத்துப் பார்த்தார்.

மறுநாள் துப்பறிவாளரும் மச்சினனும் அந்த வீட்டுக்குப் போனபோது மருமகளின் பெட்டி கதவோரம் தயாராக நின்றது. அவள் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். கணவன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

“வாங்க சார்,” என்றாள் மகள். “படத்தைப் பார்த்தீங்கல்ல? பெத்த அப்பாவை இந்தக் கோலத்துல பார்த்தா யாருக்குத்தான் வயிறு எரியாது? இவ என்னடான்னா வாயே திறக்க மாட்டேங்கிறா.”

“திறந்தப்போ நீங்க கேட்கலையே, அண்ணி,” என்றாள் மருமகள்.

துப்பறிவாளர் பெரியவரின் அறைக்குள் போனார். கட்டில் இருந்தது, விசிறியும் இருந்தது. பையிலிருந்து ஒரு நூலை எடுத்து விசிறியின் வலைக்கூண்டைக் குறுக்கே அளந்தார். அதே நூலை மேலிருந்து கீழாகப் பிடித்தார். நூல் கூடவும் இல்லை, குறையவும் இல்லை.

“விசிறி வட்டம். படத்துல முட்டை,” என்றார்.

“படம் எடுத்தப்போ ஒரு பக்கமா திரும்பியிருக்கும், அத்தான்,” என்றான் மச்சினன்.

“திரும்பியிருந்தா, முன்னால துருத்திக்கிட்டிருக்கே இந்த நடு மூடி, அது ஓரமா ஒதுங்கித் தெரியும். படத்துல அது நட்டநடுவுல இருக்கு. விசிறி நேராத்தான் நின்னுருக்கு. ஒடுங்கினது விசிறி இல்ல, படம்.”

கூடத்துக்கு வந்து மகளிடம் கேட்டார். “அந்த டேப்பை டி.வி.யில போட்டுப் பார்த்தீங்களா?”

“இல்ல. முழுசா பார்க்க மனசு வரல. கணினியிலதான் தேடி எடுத்தேன்.”

கேமராவைத் தொலைக்காட்சியோடு இணைத்தார்கள். திரையில் பெரியவர் தோன்றினார். நோயாளிதான், ஆனால் கன்னம் ஒட்டவில்லை. மகளைப் பார்த்து, “வெயில்ல வந்திருக்கே, முதல்ல தண்ணியைக் குடி,” என்றார். பிறகு படுத்தார். முகத்தில் வீக்கம் இல்லை.

மகள் திரையருகே போய் நின்றுவிட்டாள். “அப்பா இதுல நல்லாத்தானே இருக்கார்...”

“இந்தக் கேமரா அகலமான காட்சியைப் பக்கவாட்டுல நெருக்கித்தான் டேப்புல பதியும்,” என்றார் துப்பறிவாளர். “மூணு பங்கு அகலத்தை நாலு பங்கா விரிச்சுக் காட்டணும்னு கூடவே ஒரு குறிப்பும் வைக்கும். டி.வி. அதைப் பார்த்து விரிச்சிடுது. நீங்க சேமிச்ச படத்துல குறிப்பு விட்டுப்போச்சு. நெருக்கினது நெருக்கினபடியே அச்சாயிடுச்சு. உட்கார்ந்தவருக்கு முகத்தோட அகலம் குறைஞ்சுது, மெலிஞ்சார். படுத்தவருக்கு முகத்தோட நீளம் குறைஞ்சுது, உப்பினார். முகத்தைச் சுத்தி வெட்டினதால ஒப்பிட்டுப் பார்க்க விசிறி மட்டும்தான் மிஞ்சுச்சு, அதை யாரும் கவனிக்கல.”

“அட! உட்கார்ந்தா ஒல்லி, படுத்தா குண்டு!” என்ற மச்சினன், பெரியவரின் தம்பி பார்த்த பார்வையில் வாயை மூடிக்கொண்டான்.

மகள் படங்களைச் சேமித்திருந்த கணினியில் துப்பறிவாளர் இரண்டையும் திறந்தார். உயரத்தைத் தொடாமல் அகலத்தை மட்டும் விரித்தார். விசிறி வட்டமானது. இரண்டு முகங்களும் ஒரே மனிதருடையவை ஆயின.

பெரியவரின் தம்பி எழுந்தார். “சரியான படம் இன்னிக்கே எல்லா வீட்டுக்கும் போகணும். தப்பா அனுப்பினது நான்தான்னு உன் கைப்பட எழுதி அனுப்பு,” என்றார் அண்ணன் மகளிடம்.

“அனுப்புறேன், சித்தப்பா.” அவள் அழுதுகொண்டே தம்பி மனைவியிடம் போனாள். “வேணும்னு செய்யலம்மா. பக்கத்துல இருந்து பார்த்துக்கல நான். அந்தப் படத்தைப் பார்த்ததும், நேர்ல பார்த்தப்போ நான்தான் கவனிக்காம விட்டுட்டேன்னு நினைச்சுட்டேன்...”

“தெரியும், அண்ணி. நீங்க படத்தைத்தான் பார்த்தீங்க.” மருமகள் கணவன் பக்கம் திரும்பினாள். “நீங்க தினமும் அவர் பக்கத்துல உட்கார்ந்தவர். நான் ஊட்டினதைப் பார்த்தவர். உங்களுக்குமா படத்தைச் சரி பண்ணிக் காட்டணும்?”

அவன் மறுபடியும் தரையைப் பார்த்தான்.

அவள் பெட்டியை எடுத்தாள். பெரியவரின் தம்பி குறுக்கே வந்தார்.

“என் அண்ணனைக் கடைசிவரைக்கும் பார்த்துக்கிட்டவ நீ. இரும்மா.”

“உங்க மேல வருத்தம் இல்ல, மாமா. கேட்டுத் தெரிஞ்சுக்கணும்னு நினைச்சவர் நீங்க ஒருத்தர்தான்.”

அதற்கு மேல் அவர் தடுக்கவில்லை. பெட்டியை அவள் கையிலிருந்து வாங்கி, தெருமுனைவரை தாமே தூக்கிச் சென்று பேருந்தில் ஏற்றிவிட்டார்.

குற்றம் உறுதியாகி மருமகளை அந்த வீட்டார் துரத்திவிட்டார்கள் என்று இன்றும் சிலர் பேசுகிறார்கள். அது பொய். அவள்மேல் குற்றம் எதுவும் இல்லை. அவளை யாரும் துரத்தவில்லை. அவளாகத்தான் போனாள்.