தட்டல் எண்

காலையில் வேலைக்கு வந்ததும் நான் முதலில் செய்வது அழிப்பதுதான். ஓராண்டாக எந்தக் குரலும் தட்டாத வரிகளைத் திரையில் திரட்டி, பெயரைப் பார்க்காமலே மொத்தமாக நீக்கிவிடுவேன். பன்னிரண்டாயிரம் பேர் குடியிருக்கும் இந்தத் தூத்துக்குடிக் கடற்கோபுரத்தில் பெயர் பெயராகப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தால் வேலை ஓடாது.

இங்கே எல்லார் காதிலும் செவிமணி உண்டு. இரைச்சலிலிருந்து தப்பிக்க வந்த கருவி. இப்போது அது உள்ளே விடும் குரல் மட்டுமே காதில் விழும். எல்லாக் குரலும் எங்கள் ஸ்விட்ச் அறை வழியாகத்தான் போகின்றன. ஒவ்வொரு காதுக்கும் ஓர் அனுமதிப் பட்டியல்; வரிக்கு ஒரு பெயர், பக்கத்தில் அனுமதி அல்லது மறுப்பு. குரல் வந்து தட்டினால் ஸ்விட்ச் மேலிருந்து கீழாக வாசிக்கும். முதலில் பொருந்தும் வரி சொல்வதே முடிவு. எதிலும் பொருந்தாவிட்டால், கடைசியில் எழுதப்படாத வரி ஒன்று இருக்கிறது: மற்ற எல்லாருக்கும் மறுப்பு. மாமியாருக்கு மறுப்பு எழுதச் சொல்லி வருகிறவர்கள்தான் அதிகம். மாமியார்களும் வருவார்கள்.

என் பட்டியலில் இருந்த ஒரே மறுப்பு என் அக்கா பெனிற்றாவுக்கு. மனைவி ரெஜினா என்னை விட்டுப் போன அன்று அக்கா, "தப்பு ஒம்மேலதாம்லே" என்றாள். உண்மை என்பதால்தான் அவ்வளவு கோபம் வந்தது. எட்டு வருடமாயிற்று. எப்போதாவது லிஃப்டில் எதிரே நிற்பாள். உதடு அசையும். நான் மாடி எண்ணைப் பார்த்துக்கொண்டிருப்பேன். இப்போதெல்லாம் வேலை நேரம் போக என் காதில் விழுவது குடிநீர் அறிவிப்பு மட்டும்தான்.

எங்கள் பட்டியலை நாங்களே தொடக்கூடாது. ஆண்டுச் சோதனைக்கு என்னுடையதைத் திறந்தவள் உடன் வேலை பார்க்கும் பட்டுராணி.

"சூசை அண்ணாச்சி, இந்த மறுப்பு வரியில தட்டல் எண்ணப் பாத்தியளா? ரெண்டாயிரத்துத் தொள்ளாயிரத்துப் பதினொண்ணு!"

"மெஷின் கோளாறா இருக்கும்."

"தெனமும் காலைல ஆறே முக்காலுக்குக் கோளாறு வருமாக்கும்? ஒருநாள் தப்பல."

என்னால் உட்காரவே முடியவில்லை. என்னைத் தேட ஒரு நாதி இல்லை என்று இத்தனை வருடம் ஊரையே வைதுகொண்டிருந்தேன்.

"அனுமதியா மாத்திருங்க" என்றேன். அவள் அப்போதே மாற்றினாள்.

மறுநாள் ஆறு மணிக்கே எழுந்து முகம் கழுவி, சட்டை மாற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். குரலுக்கு எதற்குச் சட்டை என்று எனக்கே சிரிப்பு வந்தது. ஆறே முக்காலுக்குச் செவிமணி அடித்தது.

"லே... தொறந்துட்டியா?" அக்கா அழுதாள். "தெனமும் அனுமதி இல்லன்னே சொல்லும். இன்னைக்கு மணி அடிக்கி. நல்லாருக்கியாலே?"

"இருக்கேன்க்கா. எல்லாம் என் தப்புதான்."

"சூசை?"

"சொல்லுக்கா."

"நான் பேசுறது ஒனக்குக் கேக்குன்னு தெரியும்லே. ஒரு வார்த்த பேசு."

கத்தினேன். அவள் காத்திருக்கும் மூச்சு எனக்குத் தெளிவாகக் கேட்டது. மறுபடியும் கத்தினேன். "அனுமதி இல்லை" என்றது என் செவிமணி. அப்புறம்தான் உறைத்தது. எட்டு வருடமாக நான் அவளைக் கூப்பிட்டதே இல்லை. அவள் பட்டியலில் எனக்கென்று இருந்த அனுமதி வரி, தட்டல் இல்லாமல் என்றைக்கோ என் திரைக்கு வந்திருக்கும். பெயரைப் பார்க்காமல் நானே அழித்திருக்கிறேன்.

"சரிலே" என்றாள் அக்கா. "மூடிக் கெடந்தப்ப, எங்கொரலு கேட்டா பேசிருவான்னு ஒரு நெனப்பாவது இருந்துச்சு."