அளந்து வைத்த தண்ணீர்

மருத்துவமனையிலிருந்து என் கணவரை நேராக அந்த வீட்டுக்குத்தான் கூட்டிப்போனேன். நாங்கள் குடியிருந்தது மூன்றாவது மாடி, லிஃப்ட் கிடையாது. இதயம் பலவீனமாகிவிட்டது, படி ஏறவே கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். நான் கையைப் பிசைந்துகொண்டு நின்றபோது, பழைய வீடு தரைத்தளம்தானே என்று என் கணவர் மெதுவாக இழுத்தார். அவருடைய மூத்த மனைவி வாழ்ந்து செத்த வீடு. என்னைக் கட்டிக்கொண்டபோது விற்றுவிட்டதாகச் சொன்ன வீடு. சாவி அவர் பையிலேயே இருந்தது.

சண்டை போடும் நேரமா அது? பல்லைக் கடித்துக்கொண்டு கதவைத் திறந்தேன். பூட்டிக் கிடந்த வீடு, தூசி மூக்கில் ஏறும் என்று முந்தானையை எடுத்துப் பொத்திக்கொண்டேன். தூசி இல்லை. இப்போதுதான் தண்ணீர் நிரப்பி வைத்த மண்பானையின் குளிர்ந்த வாசம் வந்தது. பானை எதுவும் அந்த வீட்டில் இல்லை.

நான் தையல்காரி. அளவு தப்பினால் எனக்குத் தூக்கம் வராது. காலையில் எழுந்ததும் அவரை எடை பார்ப்பேன். கணுக்காலை டேப்பால் சுற்றி அளப்பேன். நாள் முழுவதற்குமான தண்ணீரை ஒரே பாட்டிலில் ஊற்றி, என் மெஷின் பக்கத்தில் வைத்துக்கொள்வேன். உடம்பில் நீர் சேர்ந்தால் நுரையீரல் வரைக்கும் போய்விடும் என்று டாக்டர் எச்சரித்திருந்தார். உப்பில்லாமல் சமைத்தேன், அவருக்குத் துணையாக நானும் அதையே சாப்பிட்டேன். முதலில் ஒரு வாய் தண்ணீருக்குக் குழந்தை மாதிரி கெஞ்சினார். பிறகு கேட்பதையே விட்டுவிட்டார். மனுஷனுக்கு ஒருவழியாகப் புத்தி வந்ததே என்று நான் பூரித்துப்போனேன்.

ஆனால் எடை ஏறியது. கணுக்கால் வீங்கியது. விரலால் அழுத்தினால் குழி விழுந்து அப்படியே நின்றது.

மாத்திரை ஒன்றுகூடத் தவறவில்லை. திருட்டுத்தனமாகக் குடிக்கிறார் என்று முடிவு கட்டினேன். வெளியே இருந்த வால்வைத் திருகிக் குழாய்களை எல்லாம் அடைத்தேன். சமையலறையைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டேன்.

அன்று மத்தியானம், பூட்டிய சமையலறைக்குள் டம்ளர் வைக்கும் சத்தம் கேட்டது.

மெதுவாக. தூங்குகிறவரை எழுப்பிவிடாமல் வைப்பது போல.

திறந்து பார்த்தேன். யாரும் இல்லை. ஒரு டம்ளர் மட்டும் நனைந்திருந்தது.

மறுநாள் மருந்துக்கடைக்குப் போவதாகச் சொல்லிவிட்டு, செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு பின்வாசல் வழியாக உள்ளே வந்தேன். நல்ல வெயில். ஜன்னல்கள் திறந்திருந்தன. அவர் தலையணைகளில் சாய்ந்து, அண்ணாந்து, வாயைத் திறந்திருந்தார். இரண்டு கைகளும் மடியில் கிடந்தன.

அவர் தொண்டை ஏறி இறங்கியது.

மடக் மடக்கென்று.

வாயோரம் ஒரு சொட்டு வழிந்தது. அது கீழே விழுவதற்குள், யாரோ துடைத்துவிட்டது போல மறைந்தது.

"போதும்மா," என்று கிசுகிசுத்தார். "அவ வந்துருவா."

பயத்தைவிட அந்த 'அவ'தான் என்னைச் சுட்டது. இத்தனை நாள் கழுவித் துடைத்துப் பார்த்துக்கொண்ட நான், வந்துவிடக்கூடாத ஆளாகிவிட்டேன். அத்தனை கனிவான குரலில் அவர் என்னிடம் ஒருநாளும் பேசியதில்லை.

நேரே போய் நின்று கேட்டேன். அவர் மறைக்கவில்லை. மூத்தவள் காய்ச்சலில் செத்தாள் என்று சொன்னதும் பொய்யாம். அவளுக்கும் இதே நோய். இதே கட்டிலில் வைத்து, இதே மாதிரி தண்ணீரை அளந்து கொடுத்தவர் இவர்.

"கடைசியா ஒரு வாய் தண்ணி கேட்டா. டாக்டர் சொன்னாருன்னு நான் தரல." அவருக்கு மூச்சு வாங்கியது. "இப்ப அவ தர்றப்ப நான் எப்படி வேணாங்கறது?"

"அப்ப நான் யாருங்க?" என்றேன்.

அவர் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

சாயங்காலமே மூச்சு முட்டி, உதடு நீலம் பாரித்துவிட்டது. ஆம்புலன்ஸில் தூக்கிப்போட்டுக்கொண்டு ஓடினேன். ஊசி போட்டு நீரை இறக்கினார்கள். இவ்வளவு தண்ணீர் யார் கொடுத்தது என்று டாக்டர் வார்டு முழுவதும் கேட்கும்படி என்னைத் திட்டினார். செத்தவள் கொடுத்தாள் என்றா சொல்ல முடியும்? கவனிக்காமல் விட்டது என் தப்புதான் என்று தலைகுனிந்து நின்றேன். அவர் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் படுத்திருந்தார். எனக்காக ஒரு வார்த்தை பேசவில்லை.

பிழைத்துக்கொண்டார். வீக்கம் வடிந்தது. அந்த வீட்டுப் பக்கமே இனி போக வேண்டாம், தரைத்தளத்தில் வேறு வீடு பார்த்துவிட்டேன் என்று சொல்வதற்காக ஒரு காலையில் வார்டுக்குள் நுழைந்தேன். அவர் கால்களைச் சுவரோரம் ஒதுக்கிக்கொண்டு சாய்ந்திருந்தார். அந்தக் குறுகலான கட்டிலில் ஓர் ஆள் உட்காரும் இடம் இருந்தது. எனக்காகத்தான் விட்டிருக்கிறார் என்று நினைத்தேன். இருந்த கோபமெல்லாம் கரைந்துபோய் உட்காரப் போனேன்.

"அங்க வேணாம்," என்றார். "ஸ்டூல்ல உக்காரு."

அந்த இடத்தில் மெத்தை அமுங்கியிருந்தது.