நார்த்தின்னி

“யக்கா, படகோட அடிப்பாகம் மெத்துன்னு இருக்கு. காலை வச்சா அமுங்குது.”

நடுக்கடலிலிருந்து வயர்லெஸ்ஸில் பேசியது ஜசிந்தாவின் தம்பி கஸ்பார். விடிந்ததிலிருந்து இது ஏழாவது படகு.

தூத்துக்குடிக் கடலில் இப்போது மரப்படகும் இல்லை, இரும்புப் படகும் இல்லை. எல்லாம் நார்க்கட்டுப் படகுகள். கற்றாழை நாரைக் காரக்கரைசலில் ஊறவைத்து, மேலிருக்கும் மெழுகையும் பசையையும் கழுவிவிட்டால், பிசின் அதை விடாப்பிடியாகப் பற்றிக்கொள்ளும். இரும்பின் வலு, எடையோ அதில் கால்வாசி. டீசல் செலவு பாதியாகக் குறைந்தது. ஆனால் பழைய படகுகள் மக்கவில்லை. கரையெங்கும் மலையாகக் குவிந்தன. அவற்றைத் தின்று தீர்க்க ஒரு நுண்ணுயிரை உருவாக்கியவள் ஜசிந்தா. பிசினைத் துளைத்துக்கொண்டு போய், காரத்தில் கழுவிய நாரை மட்டுமே அது தின்னும். மரத்தையோ மீனையோ தொடாது. உப்புநீரில் பிழைக்காது என்று எழுதிக் கையெழுத்திட்டவளும் அவள்தான். மூன்றே மாதத்தில் கரை சுத்தமானது. அவளுக்கு மாலை போட்டார்கள்.

“இன்ஜினைப் போட்டா அதிர்வுல விரியுதுக்கா. நிறுத்திட்டோம். அஞ்சு பேரும் மாறி மாறித் தண்ணி இறைக்கோம். எவ்வளவு நேரம் தாங்கும்?”

இரண்டு மணி நேரம். அதை அவள் சொல்லவில்லை. “இரு, வாரேன்” என்று வைத்துவிட்டு, பக்கத்து அறையிலிருந்த மீட்புப் பிரிவு அதிகாரி இளம்பரிதியிடம் ஓடினாள்.

“சார், ஒரு மணி நேரத் தூரம்தான். மீட்புப் படகை அனுப்புங்க.”

“எதை அனுப்பச் சொல்றீங்க?” அவர் குரலில் கோபமில்லை. “போன வருஷம்தான் எல்லாத்தையும் நார்க்கட்டுக்கு மாத்தினோம். வேகமாப் போகும்னு உங்க ஆய்வகம்தான் சிபாரிசு பண்ணுச்சு. கட்டி வச்ச இடத்துலயே ரெண்டு மூழ்கிடுச்சும்மா, மத்ததும் அமுங்குது.”

“ஹெலிகாப்டர்?”

“அதோட இறக்கையும் அதேதான். காலையில தொட்டுப் பார்த்தோம். விரல் பதியுது.”

“இரும்புக் கப்பல் ஒண்ணுகூடவா இல்ல?”

“கொச்சிக்குப் போன சரக்குக் கப்பலைத் திரும்பச் சொல்லியிருக்கோம். வந்து சேர ஆறு மணி நேரம் ஆகும்.”

அவள் திரும்பி வந்து வயர்லெஸ்ஸை எடுத்தாள். அந்தப் பக்கம் வாளியால் மொண்டு ஊற்றும் சத்தம் விடாமல் கேட்டது.

“யக்கா, ஆளு வாராவளா?”

“கிளம்பிட்டாங்க தம்பி. வந்துக்கிட்டே இருக்காங்க. நீ இறைக்கிறதை நிறுத்தாத.”

கஸ்பார் அதை மற்ற நால்வருக்கும் உரக்கச் சொல்வது அவளுக்குக் கேட்டது.