அம்மன் குகையின் பின்வாசல்

"கிரி, அங்க பாரு! பாறை நனைஞ்சிருக்கு!"

தலையில் ஒரு குடம், இடுப்பில் ஒரு குடத்தோடு பள்ளத்திலிருந்து ஏறிக்கொண்டிருந்த பொன்னுருவி சட்டென்று நின்று கத்தினாள். பின்னால் வந்த தீர்த்தகிரி அவள் மேல் மோதிக் குடத்தைக் கவிழ்க்காமல் இருந்ததே பெரிய விஷயம்.

அவள் காட்டிய இடத்தில் நெடும்பாறை செங்குத்தாக நின்றது. கோடை வெயிலில் கல்வராயன் மலையே காய்ந்து கிடக்க, அந்தப் பாறையின் நடுவில் மட்டும் ஒரு பட்டை பளபளவென்று மின்னியது. அதன் ஓரத்தில் பச்சைப் பாசி வேறு!

"போன மாசம் காஞ்சுதான் கெடந்துச்சு. அம்மன் குகை அந்தப் பாறைக்கு அந்தாண்டதான இருக்கு? ஊத்து வத்தல கிரி! தண்ணி வேற பக்கமாப் போவுது!"

கிரிக்கு முகம் வெளிறிவிட்டது. அவன் பயந்ததற்குக் காரணம் உண்டு.

புங்கங்காட்டுக்குத் தண்ணீர் கொடுப்பதே அம்மன் குகைதான். குகைக்குள் ஊறும் நீர் ஒரு பாறைத் துளை வழியாக வெளியே உள்ள சின்ன சிமென்ட் தொட்டியில் விழும். அங்கிருந்து கறுப்பு ஹோஸ் பைப் காடு மேடெல்லாம் கடந்து ஊர்க் குழாய்க்குக் கொண்டுவரும். இந்தச் சித்திரையில் ஒருநாள் குழாய் நின்றுபோனது. ஆண்கள் திரண்டு மேலே போனார்கள். தொட்டி காலி. சரி, குகைக்குள் எட்டிப் பார்த்தார்களா என்றால், அதுதான் இல்லை! வாசலைத் தாண்டி யாரும் கால் வைக்கக் கூடாது என்பது ஊர்க் கட்டு. ஆடி மாதம் பூசாரி சடையன் மட்டும் வாசலில் நின்று, உள்ளே இருக்கும் தடுப்புப் பாறைக்கு மேலாக மஞ்சள் துணியும் கண்ணாடி வளையலும் போடுவார். அவ்வளவுதான் வழக்கம். "அம்மன் கோவிச்சுக்கிட்டா" என்று முடிவு கட்டியவர்கள், கோபம் தணிய வீட்டுக்கு ஒரு துணி என்று இன்னும் ஒரு மூட்டை துணியை உள்ளே போட்டுவிட்டுத் திரும்பி வந்தார்கள்.

அதன் பிறகு ஊரே பள்ளத்துக் கசிவில் குடம் நிரப்பியது. அந்த வழுக்குப் பாதையில் விழுந்துதான் பொன்னுருவியின் அம்மா காலை முறித்துக்கொண்டாள். இப்போது மாவுக்கட்டோடு வீட்டில் கிடக்கிறாள்.

திங்கட்கிழமை பள்ளி திறக்கிறது. பொன்னுருவி பத்தாம் வகுப்பு. மலையடிவாரத்தில் விடுதியில் தங்கிப் படிக்க வேண்டும். நேற்று ராத்திரி அப்பா சொல்லிவிட்டார்: "கொழாயில தண்ணி வந்தா போ. இல்லேன்னா இந்த வருசம் இருக்கட்டும் கண்ணு. உங்கம்மாவ யாரு பாக்குறது?"

'இந்த வருசம் இருக்கட்டும்' என்று நிறுத்தப்பட்ட பெண் அடுத்த வருடம் பள்ளிக்குப் போனதாகப் புங்கங்காட்டில் சரித்திரமே கிடையாது. பக்கத்து வீட்டுக் காவேரி அக்காவுக்கு அப்படித்தான் நடந்தது. இப்போது அவள் கையில் குழந்தை. 

"நாளைக்கு ஞாயித்துக்கெழம. காலையில கௌம்புறோம்" என்றாள்.

"உள்ளயா? எங்க பெரியப்பா தோலை உரிச்சிருவாரு!" என்றான் கிரி. பூசாரி சடையன் அவனுடைய சொந்தப் பெரியப்பா.

"வாசல் வழியாப் போகக் கூடாதுன்னுதான சொல்லிருக்காங்க? தண்ணி வெளிய வருதுன்னா பாறையில வெடிப்பு இருக்கும். நாம பின்பக்கமாப் போலாம்."

கிரி, அப்பாவின் வடக்கயிற்றை எடுத்து வைப்பதாகச் சொன்னான்.

மறுநாள் காலை மூன்று பேர் மலையேறினார்கள். மூன்றாவது ஆள் மாதேஷ், கிரியின் அத்தை மகன். ஒன்பதாம் வகுப்புக்குப் போகிறவன். அவனை யாரும் கூப்பிடவில்லை. குகை என்ற சொல் காதில் விழுந்ததும் தானாக ஒட்டிக்கொண்டான். பழைய பாளையக்காரன் ஒருவன் வைரமும் ரத்தினமும் குகையில் பதுக்கியிருக்கிறான் என்பது அவனுடைய அசைக்க முடியாத நம்பிக்கை. அள்ளிக்கொண்டு வர ஒரு அரிசிச் சாக்கும் எடுத்து வந்திருந்தான்!

முள்ளும் புதரும் விலக்கி நெடும்பாறையின் உச்சிக்கு வந்தபோது மூவருக்கும் மூச்சு வாங்கியது. கிரி விளிம்பில் குப்புறப் படுத்துக் கீழே பார்த்தான். அப்பாவோடு தேனெடுக்கப் போய்க் கயிற்றில் தொங்கிப் பழகியவன் அவன்.

"வெடிப்பு தெரியுது. ஆளு நொழையலாம். ஆனா பக்கத்துலயே மூணு தேனடை!" என்றவன் மூக்கை உறிஞ்சினான். "டேய் மாதேஷ், என்னடா வாசனை?"

"மல்லிகைப்பூ எண்ணெய்ண்ணா. புதையலோட போட்டோ எடுக்கணும்ல, தலை சீவுனேன்."

"பாவி! அந்த வாசனைக்கு அத்தனை பூச்சியும் உன் மண்டையிலதான் வந்து உக்காரும்!"

பொன்னுருவி மண்ணை இரண்டு கையாலும் அள்ளி மாதேஷின் தலையில் அப்பித் தேய்த்தாள். போட்டோ ஆசை அதோடு போயிற்று.

வேங்கை மரத்தில் வடக்கயிற்றைக் கட்டி, கிரி முதலில் இறங்கினான். அடுத்து பொன்னுருவி. காலுக்குக் கீழே பள்ளம் வாயைப் பிளந்து கிடந்தது. பக்கத்தில் தேனடைகள் கறுப்பாகத் தொங்கின. ரீங்காரம் காதை நிறைத்தது. ஒரு தேனீ அவள் புருவத்தில் வந்து உட்கார்ந்தது. அசைந்தால் கொட்டும்! கண்ணை இறுக மூடித் தொங்கினாள். அது மெதுவாகக் கன்னம் வரை ஊர்ந்து பறந்து போனது. அதற்குள் அவளுக்குப் பாதி உயிர் போய்விட்டது.

வெடிப்பிலிருந்து சில்லென்று நீர் வழிந்தது. மூவரும் தவழ்ந்து உள்ளே நுழைந்தார்கள். கிரி டார்ச்சை அடித்தான்.

"அடேங்கப்பா!"

குகை நிறையத் தண்ணீர்! கண்ணாடி போலத் தெளிந்து, சத்தமே இல்லாமல் நின்றது. வற்றிப்போனதாக ஊரே அழுத ஊற்று இதுதான். பொன்னுருவிக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன.

"இருக்கு கிரி! எல்லாம் இங்கயே இருக்கு!"

"அக்கா, அங்க பாரு! புதையல்!" என்று அலறினான் மாதேஷ்.

எதிர்ப்புறத் தடுப்புப் பாறையின் அடியில், தண்ணீருக்குள், சிவப்பும் பச்சையும் நீலமுமாக ஏதோ மின்னிக் குவிந்து கிடந்தது. மாதேஷ் சாக்கோடு பாய்ந்தான். மார்பளவு நீரில் தத்தித் தத்திப் போய், ஒரு பிடி அள்ளி வெளிச்சத்தில் காட்டினான். அவன் முகம் தொங்கிப்போனது.

கண்ணாடி வளையல்கள். உடைந்ததும் உடையாததுமாக வருடக்கணக்கில் ஆடிக்கு ஆடி போட்ட வளையல்கள்.

பொன்னுருவியும் நீரில் இறங்கிப் போய் அந்தக் குவியலைக் காலால் துழாவினாள். வளையலுக்கு அடியில் மெத்தை மாதிரி ஏதோ அமுங்கியது. குனிந்து தொட்டாள். துணி! ஊறி, மட்கி, தேங்காய் நாரும் வளையலுமாகப் பின்னிப் பந்தாக இறுகிக் கிடந்த மஞ்சள் துணி. பாறைத் துளையில் கார்க் அடித்தது போல அது அடைத்திருந்தது.

"அம்மனுக்குக் கோவமும் இல்ல ஒண்ணும் இல்ல. நாமளே அடைச்சு வெச்சிருக்கோம்! தண்ணி வரலன்னு மேல மேல துணியப் போட்டா எப்படி வரும்?"

கிரி பின்வாங்கினான். "அது சாமிக்குப் போட்ட துணி, பொன்னு. நாம தொடக் கூடாது."

அவளுக்கும் அது சின்ன வயதிலிருந்து கும்பிட்டு வந்த சாமி. ஒரு கணம் கண்ணை மூடி நின்றாள். "அம்மா தாயே, ஊரு தண்ணி குடிக்கணும். நான் பத்தாவது படிக்கணும். உனக்குத் தெரியாததா?" என்று சத்தமாகவே சொன்னாள். பிறகு கிரி கூடவே கொண்டுவந்திருந்த இன்னொரு கயிற்றின் நுனியை இடுப்பில் கட்டி மறுமுனையைக் கிரியிடம் கொடுத்துவிட்டு, மூச்சைப் பிடித்து மூழ்கினாள்.

ஒரு துணி வந்தது. அடுத்தது வந்தது. மாதேஷ் வாங்கி வாங்கிச் சாக்கில் போட்டான். கடைசிப் பந்து மட்டும் அசையவில்லை. துளைக்குப் பக்கத்துப் பாறையில் ஒரு காலை ஊன்றி, இரண்டு கையாலும் பிடித்து இழுத்தாள். இழுத்தாள்! இழுத்தாள்!

டமார்!

பந்து பிய்ந்து வந்தது. குகையே உறுமியது. அவளுடைய வலது காலைத் தண்ணீர் முழங்கால் வரை துளைக்குள் உறிஞ்சி இழுத்தது. தலையை மேலே தூக்க முடியவில்லை!

"கிரிண்ணா! அக்கா உள்ள போறா!"

கிரி கயிற்றைத் தோளில் சுற்றிக்கொண்டு பாறையில் காலை உதைத்துச் சாய்ந்தான். கயிறு அவன் தோலைக் கிழித்தது. விடவில்லை. மாதேஷ் சாக்கைப் பாறை மேல் வீசிவிட்டு நீருக்குள் பாய்ந்தான். அவள் தொடையைக் கட்டிப் பிடித்துப் பக்கவாட்டில் திருப்பினான். தோல் உரிந்துகொண்டு கால் விடுபட்டது. இருமிக்கொண்டே மேலே வந்தாள் பொன்னுருவி. இனி புதையலைத் தேடும் மாதேஷை யாராவது கேலி செய்தால் அவள் சும்மா விடமாட்டாள்.

துளை வழியாகத் தண்ணீர் ஆர்ப்பரித்து வெளியேறியது. மூவரும் பாறை மேல் ஒண்டி உட்கார்ந்து அந்தச் சத்தத்தையே கேட்டார்கள். நேரம் போனதே தெரியவில்லை.

"இப்ப எப்படித் திரும்பிப் போறது?" என்றான் மாதேஷ்.

பொன்னுருவியின் காலில் ரத்தம் வழிந்தது. கிரியின் தோள் கயிறேற முடியாத நிலையில் இருந்தது. ஒரே வழிதான். தடுப்புப் பாறையில் ஏறி, எதிர்ப்பக்கம் குதித்து, வாசல் வழியாக.

அங்கேதான் வம்பு காத்திருந்தது. ஊர்க் குழாய் திடீரென்று சீறிப் பொங்கியதும், அம்மன் மனமிரங்கிவிட்டாள் என்று மேளமும் கற்பூரமுமாக ஊரே மேலே வந்துவிட்டிருந்தது! பூசாரி தட்டை உயர்த்தினார். குகைக்குள்ளிருந்து சொட்டச் சொட்ட நனைந்து, சேறு படிந்த உடையோடு மூன்று உருவங்கள் வெளியே வந்தன. மேளக்காரர் கோலைக் கீழே போட்டார்.

"டேய் கிரி! உள்ள போனீங்களா?" பூசாரி தட்டோடு முன்னால் வந்தார்.

"வாசல் வழியாப் போகல பெரியப்பா. பின்னாடி வழியாப் போனோம்" என்றான் கிரி. கூட்டத்தில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள்.

பொன்னுருவி சாக்கைப் பூசாரியின் முன்னால் மெதுவாகக் கவிழ்த்தாள். "இதான் மாமா அடைச்சிருந்துச்சு. ஒண்ணையும் தூக்கிப் போடல. அம்மனோடதுன்னு அப்பிடியே கொண்டாந்துட்டோம்."

சடையன் ஒரு துணியை எடுத்துப் பிரித்தார். அதன் மூலையில் அவரே போட்ட முடிச்சு இருந்தது. அதை விரலால் தடவினார். பிறகு பெண்ணின் காலைப் பார்த்தார். கற்பூரத் தட்டைக் கிரியிடம் கொடுத்துவிட்டு, அந்தத் துணியைத் தண்ணீரில் அலசிப் பிழிந்து, காயத்தைச் சுற்றித் தன் கையாலேயே கட்டினார்.

"வர்ற ஆடியிலேர்ந்து துணி வெளிய மரத்துல கட்டுவோம். வளையல நம்ம ஊருப் பொண்ணுங்க போட்டுக்கட்டும். வருசா வருசம் உள்ள போய்ச் சுத்தம் பண்றது இந்தப் பசங்க பொறுப்பு. யாருக்காவது ஆட்சேபம் உண்டா?" என்றார்.

பதிலுக்குப் பெண்கள் குலவையிட்டார்கள். சாமியைக் கும்பிடுவதும் வேண்டும், என்ன நடக்கிறது என்று எட்டிப் பார்ப்பதும் வேண்டும் என்று அன்று புங்கங்காடு கற்றுக்கொண்டது.

திங்கட்கிழமை விடிந்ததும் பொன்னுருவி கண் விழித்தாள். குழாயடியில் பெண்கள் வளவளவென்று பேசும் சத்தம் கேட்டது. அம்மா வாசலில் கட்டுக் காலை நீட்டி உட்கார்ந்து, பக்கத்துக் குழாயில் பிடித்த தண்ணீரில் அரிசி களைந்துகொண்டிருந்தாள்.

"அப்பா எங்கம்மா?" என்று தயங்கித் தயங்கிக் கேட்டாள். தண்ணீர் வந்ததைப் பற்றி அப்பா நேற்று ஒரு வார்த்தை பேசவில்லை. அதனால் ராத்திரி வெகு நேரம் அவளுக்குத் தூக்கம் பிடிக்கவில்லை.

அம்மா சிரித்துக்கொண்டே பாதையைக் காட்டினாள். அங்கே அவளுடைய தகரப் பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு அப்பா பாதித் தூரம் இறங்கிவிட்டிருந்தார். திரும்பிப் பார்த்துக் கத்தினார்:

"இன்னும் என்ன பாத்துக்கிட்டு நிக்கற? பஸ்ஸு போயிரும், ஓடியா!"

கால் வலியையும் மறந்து ஓடினாள் பொன்னுருவி.