பொக்கை மாமாவின் கேசட்

கேசட் ஈரமாக இருந்தது.

ஃபிரெடி அதை டெக்கிலிருந்து உருவி, ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தான். வெளியே ஐப்பசி மழை பீர்க்கன்கரணை ஏரியையும் தெருவையும் ஒன்றாக்கிக்கொண்டிருந்தது என்றாலும், மேஜைக்கு மேலே ஒழுகல் எதுவும் இல்லை. தண்ணீராக இருந்தால் சொட்டியிருக்கும். இது கொழகொழவென்று கட்டைவிரலில் ஒட்டி, விரலைப் பிரித்தபோது நூலாக நீண்டது. முகர்ந்து பார்த்தான். முகர்ந்திருக்கவே கூடாது. காலையில் தலையணை உறையில் அடிக்குமே, காய்ந்த எச்சில் நாற்றம், அதேதான். சர்ச்சிலிருந்து வந்து சாப்பிட்ட மட்டன் குழம்பு தொண்டை வரை ஏறி இறங்கியது.

"ஆஷா, இந்தக் கேசட்டை வாயில வச்சியா?"

"ச்சீ, இல்லப்பா," என்றாள் மகள், தரையில் படம் வரைந்தபடியே. ஆறு வயது. மேல்வரிசை முன்பல் ஒன்று மூன்று நாளாக ஆடிக்கொண்டிருக்கிறது. நாக்கால் அதை முன்னே தள்ளுவாள், பிறகு உறிஞ்சி உள்ளே இழுப்பாள். ச்சப். ச்சப். பெற்ற பிள்ளைதான், ஆனாலும் அந்தச் சத்தம் ஃபிரெடிக்கு ஆகவில்லை.

அவனுக்கு அருவருப்பு கொஞ்சம் அதிகம். மறைமலை நகரில் உதிரிபாகக் கம்பெனி ஒன்றில் இன்ஸ்பெக்டர். நாளெல்லாம் ஒரு நூலிழை பிசகுக்காகப் பொருளைத் தள்ளுபடி செய்கிறவன். கேண்டீன் டம்ளரை மூன்று முறை கழுவுவான். பஸ்ஸில் பக்கத்து ஆள் தும்மினால் அடுத்த ஸ்டாப்பில் இறங்கிவிடுகிற ரகம். இப்படிப்பட்டவன் ஊரான் வீட்டுக் குப்பையிலிருந்து கேசட் பொறுக்குகிறான் என்றால் யாராவது நம்புவார்களா? ஆனால் பொறுக்கினான். ஊரில் இல்லாத பைத்தியம் அது. துப்பறியும் தொடரின் முகப்பிசையை நாதஸ்வரத்தில் வாசித்த கேசட், வினாடி வினா நிகழ்ச்சியின் கடிகாரச் சத்தத்தை வைத்தே பண்ணின டான்ஸ் கேசட், சீரியல் மாமியார் ஒருத்தி அதே கோபக் குரலில் பாடின தாலாட்டு. எல்லாவற்றையும் கம்ப்யூட்டரில் ஏற்றி 'பழைய டப்பா' என்ற தன் பிளாகில் போடுவான். உலகத்தின் நாலு மூலையிலிருந்தும் நாற்பது பேர் கேட்டுவிட்டு விழுந்து விழுந்து சிரிப்பார்கள். 2007-ல் அதைவிடப் பெரிய சந்தோஷம் அவனுக்கு இல்லை.

இந்தக் கேசட் வெள்ளிக்கிழமை பல்லாவரம் சந்தையில் கிடைத்தது. கிளியம்மாள் என்ற கிழவி, உடைந்த மிக்ஸிகளுக்கும் ஒற்றைச் செருப்புகளுக்கும் நடுவில் அதைத் தனியாக, துணி போட்டு மூடி வைத்திருந்தாள்.

"எவ்ளோம்மா?"

"இன்னாத்துக்கு சார் துட்டு? எடுத்துக்கினு போ. ராவெல்லாம் பேஜாரா கீது."

"எலித் தொல்லையா?"

அவள் உதட்டை இறுக்கி மூடிக்கொண்டாள். அப்போதுதான் பார்த்தான், கன்னம் இரண்டும் உள்ளே ஒட்டிப்போயிருந்தன. வயசானால் அப்படித்தான் என்று நினைத்து, கேசட்டைப் பையில் போட்டுக்கொண்டு வந்துவிட்டான்.

அட்டையில் இருந்தது பொக்கை மாமா. பார்த்ததும் ஃபிரெடிக்கு எட்டு வயசு திரும்பிவிட்டது. அப்போது வீட்டில் டிவி இல்லை. கடப்பேரியில் பக்கத்து வீட்டு ஜன்னலில் தொங்கிக்கொண்டு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலங்களில் பார்த்த பொம்மை நிகழ்ச்சி. துணியில் செய்த மாமா. வழுக்கைத் தலை, ஈரமாகப் பளபளக்கும் சிவப்பு வாய், பல் ஒன்றுகூடக் கிடையாது. பிள்ளைகள் விழுந்த பாற்பல்லைத் தபாலில் அனுப்பவேண்டும். வாரம் ஒரு பல்லை மாமாவின் ஈறில் பதிப்பார்கள். பெயர் வாசிப்பார்கள். இன்றைக்கு நினைத்தால் குமட்டுகிறது. அன்றைக்கு அந்தப் பெயர் வரிசையில் சேர ஃபிரெடி உயிரையே கொடுத்திருப்பான்.

கொடுக்கப் பல் இல்லை. விழுந்த பல்லை உடனே கூரை மேல் எறிந்துவிடவேண்டும், இல்லாவிட்டால் புதுப்பல் கோணலாக முளைக்கும் என்பது அம்மாவின் சட்டம். அவன் பல்லெல்லாம் ஓட்டுக்கு மேலே போய்விட்டது. அம்மா டீச்சர் என்பதால் வீட்டில் சாக்பீஸுக்குப் பஞ்சமில்லை. ஒரு துண்டை எடுத்துச் சிமெண்ட் தரையில் தேய்த்துத் தேய்த்து, நுனியைக் கூராக்கி, அச்சு அசலாக ஒரு முன்பல் செய்து அனுப்பினான். அடுத்த ஞாயிறு அவன் பெயரை வாசித்தார்கள். அதற்கடுத்த ஞாயிறு நிகழ்ச்சியே வரவில்லை. ஏன் நின்றது என்று யாருக்கும் தெரியாது.

ஸ்பிரிட்டில் பஞ்சை நனைத்து டெக்கின் உள்ளே துடைத்தான். பஞ்சில் மஞ்சளாக ஒரு மாவு வந்தது. பல் டாக்டர் சுரண்டி எடுக்கிற காரை மாதிரி. பஞ்சை நுனிவிரலில் பிடித்து ஜன்னலுக்கு வெளியே போட்டுவிட்டு, கையை சோப்பு போட்டு இரண்டு முறை கழுவினான். பிறகு, மனசு கேட்காமல், கேசட்டை மறுபடி போட்டான்.

முதலில் பாட்டுதான். வெள்ளிக்கிழமை கேட்ட அதே பாட்டு. தபேலா, மாண்டலின், சளி கட்டின குரலில் மாமா.

*ஆடுது ஆடுது பல் ஆடுது*
*மாமா வாயோ வெறும் பொந்து*
*ஆட்டி எடுத்து அனுப்பி வை*
*அழகாச் சிரிப்பேன் நான் வந்து*

தரையிலிருந்து ஆஷாவும் சேர்ந்து பாடினாள். இரண்டு நாளில் மனப்பாடம் ஆகிவிட்டது அவளுக்கு. ஒவ்வொரு வரிக்கும் நடுவில் பல்லை உறிஞ்சினாள். ச்சப். டெக்கிலும் அதே இடத்தில் அதே சத்தம் கேட்டது. ச்சப்.

பாட்டு முடிந்தது. வெள்ளிக்கிழமை இந்த இடத்தில் வெறும் இரைச்சல்தான் இருந்தது. இன்று மாமா பெயர் வாசித்தார்.

"வேதசிரோமணி, குரோம்பேட்டை. இனிப்பு." ஒரு நொறுக்கல். "ஸ்ரீரங்கன், மாம்பலம். கொஞ்சம் சொத்தை. பரவால்ல." இன்னொரு நொறுக்கல். வாயைத் திறந்து வைத்துக்கொண்டு மெல்லுகிற சத்தம். எச்சில் இந்தக் கன்னத்துக்கும் அந்தக் கன்னத்துக்கும் போய்வருவதுகூடக் கேட்டது. "ஃபிரெடி. கடப்பேரி."

நற.

நறநற.

"த்தூ! சுண்ணாம்பு!"

ஃபிரெடி பாய்ந்து பட்டனை அழுத்தினான். முகத்தில் ஏதோ தெறித்தது போலிருந்தது. துடைத்துப் பார்த்தான். தெறித்துத்தான் இருந்தது. வெள்ளையாக.

பாத்ரூமுக்கு ஓடி, சாப்பிட்டது முழுவதையும் வாந்தி எடுத்தான்.

திரும்பி வந்து செய்த முதல் காரியம் பிளாகைத் திறந்தது. வெள்ளிக்கிழமை ராத்திரியே அதில் ஏற்றியிருந்த பாட்டை நீக்கிவிடவேண்டும். பக்கம் ஆமை வேகத்தில் இறங்கியது. ஐம்பத்திரண்டு பின்னூட்டங்கள், இதுவரை அவனுக்கு அவ்வளவு வந்ததே இல்லை. நங்கநல்லூர் தோத்தாத்ரி, வாரம் தவறாமல் எழுதுகிற ரிட்டயர்டு மனிதர், இப்படி எழுதியிருந்தார்: 'கடைசியில ஒருத்தர் மெல்லறாரே, பிரமாதம் சார்! எங்காத்துப் பேத்தி நாலு தடவை கேட்டுட்டா.' அதற்குக் கீழே, இன்று காலை, அவரே: 'சார், அதை எடுத்துடுங்கோ. தயவுபண்ணி எடுத்துடுங்கோ.'

நீக்கு என்பதை அழுத்தினான். திரையில் மணற்கடிகாரம் சுற்றியது. சுற்றிக்கொண்டே இருந்தபோது கரண்ட் போனது.

மணி ஐந்துகூட ஆகவில்லை, ஆனால் மழை இருட்டு. மனைவி அமலராணி, சர்ச்சில் பெண்கள் கூட்டத்துக்குப் போனவள், வர ஆறாகும். ஃபேன் மெதுவாக நின்றது. ஃப்ரிட்ஜின் உறுமல் நின்றது. அவன் நிறுத்தியிருந்த பாட்டு மட்டும் தொடங்கியது.

*ஆடுது ஆடுது...*

"ஆஷா, பாடாதே."

"நான் பாடலப்பா."

அவள் அவனுக்கு எதிரே வந்து நின்றாள். உள்ளங்கையை நீட்டினாள். உதட்டில் ரத்தம், கையில் பல், அரிசி மணியைவிடக் கொஞ்சம் பெரிசு, வேரில் சதைத் துணுக்கோடு. "விழுந்துடுச்சு," என்று பெருமையாகச் சிரித்தாள். எச்சிலும் ரத்தமும் கலந்து முகவாயில் வழிந்தது. ஃபிரெடி முகத்தைத் திருப்பிக்கொண்டான். என்ன அப்பன் நான் என்று தன்னையே திட்டிக்கொண்டு பல்லைக் கையில் வாங்கினான். இளஞ்சூடாக இருந்தது.

டெக்கில் விளக்கு இல்லை. ஆனால் கண்ணாடிக்குப் பின்னால் சக்கரங்கள் சுற்றின.

"ஒரு எடம்தான் காலி," என்றது சளி கட்டின குரல். கெஞ்சியது. "ஒண்ணு போதும் ஃபிரெடி. நெசமானது. ஒண்ணே ஒண்ணு."

டெக்கின் கதவு தானாகத் திறந்தது. மெதுவாக, மேலுதடு தூக்குகிற மாதிரி. உள்ளே கேசட் தெரியவில்லை. சிவப்பாக, ஈரமாக ஏதோ ஒன்று. அது சுருங்கியது. விரிந்தது. அதிலிருந்து வந்த மூச்சு அவன் கையில் பட்டது. வெதுவெதுவென்று. அழுகின பழம், பழைய பற்பொடி, இருபத்து மூன்று வருஷம் கழுவாத வாய்.

போடலாம். கையை நீட்டி உள்ளே போட்டால் தீர்ந்தது. நீட்டவும் செய்தான். ஒரு சாண் இருக்கும்போது அந்தச் சிவப்பு அவன் விரலை நோக்கி எழும்பியது. நுனியால் நக்கியது.

முடியவில்லை. செத்தாலும் முடியாது. கையை இழுத்துக்கொண்டு பால்கனிக்கு ஓடினான். பைக் நிறுத்துகிற கொட்டகையின் ஆஸ்பெஸ்டாஸ் கூரை கீழே நனைந்துகொண்டிருந்தது. அம்மாவின் சட்டம். முப்பத்தோரு வயதில் அதுதான் ஞாபகம் வந்தது. கண்ணை மூடி, பல்லை வீசி எறிந்தான்.

டக்.

பல் உருண்டது. ஒரு பல் உருளவேண்டிய நேரத்தைவிட அதிக நேரம் உருண்டது. பிறகு நின்றது.

வீட்டுக்குள் பாட்டும் நின்றது.

மழைச் சத்தம் மட்டும். ஃபிரெடி மூச்சு விட்டான். உள்ளே போனான். டெக்கின் கதவு மூடியிருந்தது. திறந்தால் வெறும் கேசட். உலர்ந்த கேசட். டேப்பை முழம் முழமாக உருவிக் கத்தரித்தான், கேரி பேக்கில் போட்டான், மூன்று முடிச்சுப் போட்டு வாசல் கதவில் மாட்டினான். நாளைக் காலையில் குப்பை வண்டிக்கு. கையைக் கழுவினான். நான்கு முறை. நகக்கண்ணை பிரஷ் போட்டுத் தேய்த்தான். பிள்ளைக்கு ஒன்றும் ஆகவில்லை, அது போதும் என்று கண்ணாடியில் தெரிந்த தன் முகத்திடம் சொன்னான்.

கண்ணாடிக்குப் பின்னாலிருந்து, ரொம்பப் பக்கத்தில், அந்தக் குரல் அழுதது.

"மறுபடியும் ஏமாத்திட்டியே."

பிறகு நொறுக்கல். ஒன்று இல்லை. ஒன்றன்பின் ஒன்றாக. நிதானமாக. ருசித்து.

"ஆஷா!"

கூடத்துக்கு ஓடினான்.

"ஆஷா, எங்கடா இருக்க?"

கூடத்தில் இல்லை. சமையலறையில் இல்லை. படுக்கையறை மூலையில் சுவரைப் பார்த்து நின்றுகொண்டிருந்தாள். சின்ன முதுகு. பாவாடையின் முன்பக்கத்திலிருந்து ஏதோ காலடியில் சொட்டுவது பின்னாலிருந்தே தெரிந்தது.

கரண்ட் வந்தது. டியூப்லைட் இரண்டு முறை கண் சிமிட்டிவிட்டு எரிந்தது.

"திரும்புடா கண்ணு. வாயைக் காட்டு அப்பாகிட்ட."

அவள் திரும்பினாள். வாயைத் திறந்தாள்.

பல் இருந்தது. மேலேயும் கீழேயும், வாய் நிறைய. காலியாக இருக்கவேண்டிய இடத்திலும் இருந்தது. எல்லாம் ஒரே வெள்ளை. பளபளப்பு இல்லாத வெள்ளை. ஒவ்வொன்றின் பக்கத்திலும் தேய்த்த கோடுகள், சிமெண்ட் தரையில் ஒரு எட்டு வயசுப் பையன் பொறுமையாகத் தேய்த்த கோடுகள். அவனுக்கு அந்தக் கோடுகளைத் தெரியும்.

அவள் எச்சிலை விழுங்கப் பார்த்தாள். முடியவில்லை. உதட்டோரத்திலிருந்து கெட்டியாக, பால் மாதிரி, வெள்ளையாக வழிந்து தரையில் சொட்டியது.

"அப்பா," என்றாள். ஒரு பல் பாதியாக முறிந்து நாக்கில் விழுந்தது. "கரையுதுப்பா."